கொட்டாவிக்கு மட்டும் எழுந்த கை

பிசியோதெரபிக் கூடத்துக்கு என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தவர் என் மாமனார். வாசலருகே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, மாமனாரிடம், "உங்களுக்கு எந்தப் பக்கமுங்க?" என்று விசாரித்தார். நாற்காலியில் இருந்தவன் நான். ஆனால் பக்கவாதத்துக்கான வயது மாமனாரிடம்தான் இருந்தது. மாமனார் பதில் சொல்வதற்கு முன் தன் இரண்டு கைகளையும் ஒருமுறை அசைத்துப் பார்த்துக்கொண்டார்.

எனக்கு அப்போது 36 வயது. வாதம் தாத்தாக்களுக்கு வருவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பத்துப் பேருக்கு வந்தால் அதில் ஒருவராவது ஐம்பதைத் தாண்டாதவர் என்பதெல்லாம் வந்த பிறகு தெரிந்துகொண்ட சங்கதி. அந்தக் கூடத்தில் அந்த ஒருவன் நான். மற்றவர்கள் எல்லாரும் என்னிடம் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "சின்ன வயசு, சட்டுனு சரியாப் போயிருமுங்க." மருத்துவர் சொன்னார், ஆப்பிளோடு வந்த சொந்தக்காரர்கள் சொன்னார்கள், லிஃப்ட் இயக்குகிறவர் சொன்னார். பொய்யில்லை, இளவயதுக்காரர்கள் சராசரியாகக் கூடுதலாகவே மீள்கிறார்கள். ஆனால் அந்த ஆறுதல் வட்டிக்கு வருகிறது. எழுபது வயதுக்காரர் ஒரு விரலை அசைத்தால் கைதட்டல். நான் நான்கு விரலை அசைத்தால், "அஞ்சாவது என்னாச்சு?"

நான் ஈரோட்டில் வரிக்கணக்குப் பார்ப்பவன். ஜவுளிக்கடைகள், மஞ்சள் மண்டிகள், ஒன்றிரண்டு எண்ணெய் ஆலைகள். சட்டத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டுத்தான் ஆட்கள் என்னிடம் வருகிறார்கள். நான் அதற்குத் 'திட்டமிடல்' என்று பெயர் வைத்திருக்கிறேன். இந்தப் பழக்கத்தோடு ஒருவன் பிசியோதெரபிக்குப் போனால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

வியாதி வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரவு வேலை முடித்து எழுந்தபோது வலது கை மரத்திருந்தது, பேச்சு கொஞ்சம் குழறியது. மவுஸ் பிடித்த அலுப்பு, படுத்து எழுந்தால் போய்விடும் என்று படுத்தேன். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நாலரை மணி நேரத்தையும் நான் குறட்டை விட்டுக் கழித்தேன். கழுத்து ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்து, அங்கே உறைந்த கட்டி மூளைக்குப் போயிருந்தது. இளவயது வாதத்துக்கு இது ஒரு முக்கியமான காரணமாம். "முடி வெட்டுற இடத்துல கழுத்தைச் சொடுக்கிவிடுவாங்களே, அந்தப் பழக்கம் உண்டா?" என்று மருத்துவர் கேட்டார். உண்டா என்றா கேட்டார்? அந்தச் சொடுக்குக்காகத் தனியாகப் பத்து ரூபாய் கொடுக்கிறவன் நான். அதனால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் அவர் சொன்னார். முகம் ஒரு பக்கம் கோணி, கை துவண்டு, பேச்சு குழறினால் படுக்கையைத் தேடாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும் என்பதை இப்போது எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தத் தூக்கத்தை இந்தக் கட்டுரையில் வரும் சின்னத் தோல்விகளின் பட்டியலில் சேர்க்க முடியாது. சின்னவற்றுக்கே இங்கே இடம் போதாது.

பேச்சு சில வாரங்களில் தெளிந்தது. அதில் என் முயற்சி எதுவும் இல்லை. ஆகவே தோல்வியும் இல்லை. கால் மெதுவாக வந்தது. முன்பாதம் தொங்கியதால் காலைப் பக்கவாட்டில் வீசி வீசி நடந்தேன். வலது கைதான் வரவில்லை.

வீட்டுக்கு வந்த புதிதில் அது தோளிலிருந்து சும்மா தொங்கியது. ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கொட்டாவி விட்டேன். வாய் திறந்ததும் வலது கை தானாக மடங்கி நெஞ்சு வரை எழுந்தது. கொட்டாவி முடிந்ததும் இறங்கிக்கொண்டது. அம்மா சமையலறையிலிருந்து பார்த்துவிட்டுப் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். பண்ணாரி அம்மனுக்கு அந்த இடத்திலேயே ஒரு வேண்டுதல் போடப்பட்டது. பிறகு எல்லாரும் என்னைச் சுற்றி உட்கார்ந்து அடுத்த கொட்டாவிக்குக் காத்திருந்தோம். வரவில்லை. கொட்டாவி தொற்றும் என்று யாரோ சொல்ல, அப்பா என் எதிரே நாற்காலி போட்டுக்கொண்டு வாயைப் பிளந்து பிளந்து காட்டினார். மச்சினன் செல்போனில் படம் பிடிக்கத் தயாராக நின்றான். கூட்டத்தை ஏமாற்ற வேண்டாமே என்று நானாக ஒரு கொட்டாவியை நடித்தேன். கை அசையவே இல்லை. இதற்குள் அப்பாவுக்கு நிஜமாகவே தூக்கம் வந்துவிட்டது.

மறுநாள் பிசியோ மேடத்திடம் பெருமையாகச் சொன்னேன். அவர் என்னைவிடப் பத்து வயதாவது இளையவர், கோபிக்காரர். "அது நீங்க தூக்கலைங்க சார், கொட்டாவி தூக்குச்சு" என்றார். கையை அசைக்க நாம் விரும்பி இடும் கட்டளை மூளையின் மேற்பரப்பிலிருந்து கிளம்புகிறது. என்னுடைய பழுது அந்தப் பாதையில். கொட்டாவி அதற்குக் கீழே, மூளைத்தண்டில் பிறக்கிறது. அது நம் அனுமதியைக் கேட்பதில்லை. அதனால்தான் உண்மைக் கொட்டாவிக்கு எழுந்த கை என் நடிப்புக்கு எழவில்லை. இந்த விளக்கம் கிடைப்பதற்குள் "கை வந்துருச்சு" என்ற சேதி பெருந்துறை வரைக்கும் போயிருந்தது. விசாரித்துப் போன் செய்தவர்களிடம் "ஆமாங்க, இப்பப் பரவாயில்லைங்க" என்றே சொல்லி வைத்தேன். பிறகு அவர்கள் நேரில் வந்தபோது நான் இடது கையில் ஸ்பூன் வைத்து உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இடது கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஒரு வாரத்தில் பல் துலக்கக் கற்றது, பிறகு சவரம் செய்ய, சட்டைப் பொத்தான் போட. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், எனக்குக் கர்வம். பிசியோ மேடத்துக்கு மட்டும் முகம் வாடியது. "அந்தக் கை கெட்டிக்காரத்தனமா இருக்கறதுதாங்க சார் நம்ம பிரச்சினை." அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் டாப், குரங்குகளின் ஒரு கையிலிருந்து உணர்வைக் கொண்டுபோகும் நரம்புகளை வெட்டிப் பார்த்தார். அசைக்கும் நரம்புகள் அப்படியே இருந்தும் குரங்குகள் அந்தக் கையைப் பயன்படுத்தவில்லை. நல்ல கையைக் கட்டிப்போட்டதும் பயன்படுத்தத் தொடங்கின. முயன்று தோற்று, தோற்று, 'இந்தக் கை உதவாது' என்று கற்றுக்கொண்டுவிட்டிருந்தன. இரண்டு குமாஸ்தாக்கள் உள்ள அலுவலகத்தில் ஒருவன் மட்டும் வேலை செய்தால் மற்றவன் கையெழுத்துப் போட மட்டும் வருவான். என் வலது கை அந்தக் கையெழுத்தையும் போடவில்லை.

ஆகவே நல்ல கையைக் கட்டிப்போடுவது என்று முடிவாயிற்று. டாப்பின் இந்த முறையை, 2006-இல் வெளியான எக்ஸைட் என்ற ஆய்வில் 222 பேரிடம் சோதித்துப் பார்த்தார்கள். வாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆனவர்கள். இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் நல்ல கைக்கு உறை போட்டு, கெட்ட கைக்குத் தீவிரமாகப் பயிற்சி. வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் தெளிவாக முன்னேறினார்கள், அந்த முன்னேற்றம் ஓராண்டுக்குப் பிறகும் நின்றது. மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது நிமிர்த்த முடிந்தவர்களுக்குத்தான் இது. எனக்கு அந்தக் கொஞ்சம் வந்திருந்தது.

மனைவி சூடான பாத்திரம் இறக்குகிற பஞ்சுக் கையுறையை என் இடது கையில் மாட்டி நாடாவால் கட்டினாள். பூப்போட்ட கையுறை. விதிமுறையை நான் இரண்டு முறை படித்தேன். விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம். அப்படியானால் விழித்திருக்கும் நேரத்தைக் குறைத்தால்? மதியத்தில் தூங்கினேன். மாலையிலும் 'கொஞ்சம் அசதியா இருக்கு' என்று படுத்தேன். அசதி பொய்யில்லை, வாதம் வந்தவர்களைப் பிடித்து ஆட்டுகிற அசதி தனி ரகம்; ஆனால் கையுறை வந்த வாரத்தில் என் அசதி சந்தேகப்படும்படியாகக் கூடிவிட்டது. என் கணக்குப்படி நான் விதியை ஒரு சதவீதம்கூட மீறவில்லை. பிசியோ மேடம் கேட்டுவிட்டு, "தூக்கத்துல கை வராதுங்க சார்" என்றார்.

அவர் எனக்கு ஒரு நோட்டு கொடுத்திருந்தார். மேசையில் துணியை முன்னே தள்ளுவது, டம்ளரைப் பிடித்து நகர்த்துவது, மொச்சைக்கொட்டையை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் போடுவது. எத்தனை முறை செய்தேன் என்று தினமும் எழுத வேண்டும். எண்ணிக்கைக்குக் காரணம் உண்டு. 2009-இல் வந்த ஓர் ஆய்வில், ஒரு சிகிச்சை அமர்வில் கையால் செய்த பயனுள்ள அசைவுகளை உட்கார்ந்து எண்ணினார்கள், சராசரி 32. மூளை புதிய தொடர்புகளை உண்டாக்கிக்கொள்கிறது என்று காட்டிய விலங்கு ஆய்வுகளிலோ நாளுக்கு நூற்றுக்கணக்கில். மீதியை வீட்டில்தான் ஈடுகட்ட வேண்டும்.

ஊரார் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தால் ராத்திரி தூங்காதவன் நான். என் நோட்டில் நான் எழுதியது முழுக்கப் பொய்க்கணக்கு. அதையும் தொழில்முறையோடு எழுதினேன். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகம் வரும் என்று ஒரு நாள் கூட்டி, ஒரு நாள் குறைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் சரிவு காட்டி, மாதக் கடைசியில் மெல்ல ஏறும்படி வைத்தேன். மேடம் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பது துளைகளும் ஒன்பது குச்சிகளும் உள்ள பலகையை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒவ்வொன்றாகச் சொருகி, ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். நல்ல கைக்கு இருபது நொடி வேலை. எனக்காக ஓடிய கடிகாரத்தை மேடம் பாதியில் நிறுத்திவிட்டார். நிறுத்தியது இரக்கத்தாலா, அடுத்தவருக்கு நேரமாகிவிட்டதாலா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

அடுத்தவர், முதல் நாள் என் மாமனாரை விசாரித்த அதே பெரியவர். மண்டியில் மஞ்சள் எடை போட்டு ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். எனக்குப் பிறகு வாதம் வந்து, எனக்கு முன்னால் குச்சியைச் சொருகி முடித்தார். பொறாமையில் எனக்கு இரண்டு நாள் பேச்சு மறுபடி குழறியது. பிறகு ஒரு நாள் கவனித்தேன்: மேடம் திரும்பிய நேரத்தில் அவருடைய நல்ல கை மேசைக்கு அடியிலிருந்து வந்து இரண்டு குச்சிகளைச் சொருகிவிட்டுப் போயிற்று. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். "தம்பி, ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க" என்றார். அன்றிலிருந்து நாங்கள் கூட்டாளிகள். அவர் சொருகும்போது நான் காவல். நான் சொருகும்போது, "ஆரோ வர்றாங்க தம்பி" என்பார். முப்பத்தைந்து வருட வயது வித்தியாசத்தில் எனக்குக் கிடைத்த மிக நெருங்கிய நண்பர் அவர்தான்.

மூன்றாவது மாதம் நெருங்கியபோது எனக்குப் பயம் பிடித்தது. பெரும்பகுதி மீட்சி முதல் மூன்று மாதங்களில், அதன் பிறகு வேகம் குறையும் என்று படித்திருந்தேன். என் தொழிலில் கெடு என்றால் கெடுதான். கடைசி வாரத்தில் விடிய விடிய மொச்சைக்கொட்டை பொறுக்கினேன். தோள் வலி வந்ததுதான் மிச்சம். "கெடு முடிஞ்சா கதவை மூடிருவாங்கனு யாருங்க சார் சொன்னது?" என்றார் மேடம். வேகம் குறைகிறதே ஒழிய, வருடம் கடந்தும் கை தேறியவர்கள் இருக்கிறார்கள். அபராதத்தோடு தாக்கல் செய்யலாம் என்று நானாகப் புரிந்துகொண்டேன்.

பயம் தெளிந்ததும் சோம்பல் வந்தது. சோம்பலுக்கு ஆதாரம் தேடினேன், கிடைத்தது. அவெர்ட் என்ற பெரிய ஆய்வு, 2015-இல் லான்செட்டில் வந்தது, ஐந்து நாடுகளில் 2,104 பேர். வாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் அடிக்கடியும் அதிகமாகவும் எழுப்பி நடமாடவிட்டவர்கள், வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களைவிடச் சற்று மோசமாகவே தேறினார்கள். "அதிகமாகச் செய்தால் ஆபத்து" என்று மேடத்திடம் செல்போனை நீட்டினேன். அவர் முதல் வரியையே திருப்பிக் காட்டினார்: முதல் 24 மணி நேரத்தில். நான் ஐந்தாம் மாதத்தில் இருந்தேன்.

வீட்டில் இன்னும் கடினம். மனைவியும் அம்மாவும் முறை வைத்துக்கொண்டு என்னை விரட்டினார்கள். ஒரு பெரியம்மா புறா ரத்தம் தேய்த்தால் போதும் என்று சொல்லி ஆள் அனுப்பினார்; அந்தப் புறாவைக் காப்பாற்றியது என் பகுத்தறிவு அல்ல, என் மகள் அதற்குப் பெயர் வைத்துவிட்டதுதான். மனைவியை அடக்க எனக்கு ஓர் ஆய்வு தேவைப்பட்டது. அதுவும் நம் நாட்டிலேயே நடந்திருந்தது. அட்டெண்ட், 2017, இந்தியாவில் 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். குடும்பத்தினருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டிலேயே பிசியோ செய்யவைத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், அந்தப் பயிற்சி இல்லாத குழுவுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. இதை நான் இரவுச் சாப்பாட்டின்போது நிதானமாக, ஆண்டு எண்ணோடு எடுத்துச் சொன்னேன். மனைவி முழுக்கக் கேட்டாள். "அந்த ஆயிரத்து இருநூத்தம்பது பேர்ல உங்கள மாதிரி எத்தன பேரு இருந்தாங்களோ" என்றாள். பிறகு மொச்சைக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள். ஆய்வு சரியானதுதான், குடும்பத்துக்குச் சில மணி நேரம் கற்றுக்கொடுத்துவிட்டால் நிபுணரின் இடம் நிரம்பிவிடாது என்பதே அதிலிருந்து நான் எடுத்துக்கொள்ள வேண்டிய சேதி. நான் எடுத்துக்கொண்டது வேறு.

கண்ணாடிச் சிகிச்சை எனக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் அதில் வேலை செய்வது நல்ல கை. உடலின் நடுக்கோட்டில் கண்ணாடியை நிறுத்தி, கெட்ட கையை அதன் பின்னால் மறைத்துவிட வேண்டும். நல்ல கையை அசைத்தால் கண்ணாடியில் கெட்ட கை அசைவதாகத் தோன்றும். மூளை அதைக் கொஞ்சம் நம்பிவிடும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன வி. எஸ். ராமச்சந்திரன், இழந்த கையில் வலி தெரிகிறவர்களுக்காகக் கண்டுபிடித்த உத்தி. 1999-இல் வாதத்துக்கும் சோதித்துப் பார்த்தார்கள். மனைவியின் அலமாரிக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து நான் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தபோது, மகள் கண்ணாடி இருந்த பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்பாக்குக் கை வந்துருச்சு!" என்று தெருவுக்கு ஓடிவிட்டாள். கொட்டாவி விவகாரத்துக்குப் பிறகு தெருவில் யாரும் அசையவில்லை.

கை நிஜமாகவே வரத் தொடங்கியபோது அது வந்த விதம் யாரும் எனக்குச் சொல்லாதது. முதலில் பிடிக்கத்தான் வந்தது. விட வரவில்லை. விரல்களை மடக்கும் தசைகள் முன்னால் வந்து இறுகிக்கொள்கின்றன, நிமிர்த்தும் தசைகள் பின்தங்குகின்றன. அலுவலகத்துக்குத் திரும்பிய முதல் வாரத்தில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி நலம் விசாரித்துக் கையை நீட்டினார். காண்பித்துவிட வேண்டும் என்று வலது கையைக் கொடுத்தேன். நன்றாகப் பிடித்தேன். அவர் மகிழ்ந்தார். பிறகு அவர் கையை எடுக்கப் பார்த்தார். நான் உள்ளீட்டு வரி பற்றிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே, மேசைக்குக் கீழிருந்து இடது கையைக் கொண்டுவந்து, என் விரல்களை ஒவ்வொன்றாக அவர் கையிலிருந்து பிரித்தேன். அதில் ஒரு பாசம் இருப்பதாக அவர் நினைத்துக்கொண்டார். அந்த வருடம் கட்டணத்தில் பேரம் பேசவில்லை.

சாப்பாட்டிலும் இதே கதை. சோற்றைப் பிசைந்து உருட்டி வாய் வரைக்கும் கொண்டுபோகிறேன், அங்கே போய் விரல் விடமாட்டேன் என்கிறது. சோற்றை வாங்க நான் என் கையைக் கடிக்க வேண்டியிருந்தது. மருத்துவமனையில் கைக்கு 66 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு வைப்பார்கள், ஃபியூகல்-மேயர் என்று பெயர், 1975-இலிருந்து இருக்கிறது. ஒவ்வோர் அசைவுக்கும் பூச்சியம், ஒன்று அல்லது இரண்டு. அதில் ஒன்றை இரண்டாக்கச் சொல்லி மேடத்திடம் நான் வாதாடியது தணிக்கை அதிகாரிகளிடம்கூட வாதாடாத வாதம். ஆனால் அந்த 66-இல் சாம்பார் சாதத்துக்கு ஒரு மதிப்பெண்ணும் இல்லை. இட்லியில் தொடங்கினேன். தோசைக்குப் பல வாரம். ரசம் சாதத்துக்கு இன்றும் நான் தகுதி பெறவில்லை. முழங்கை வரை வழிந்துவிடுகிறது. கைலி கட்டுவதைப் பற்றி எழுத வேண்டாம் என்று மனைவி சொல்லியிருக்கிறாள். கூரியர் பையன் அப்போது வாசலில் நின்றான் என்பதை மட்டும் சொல்லலாம்.

எல்லாவற்றையும் வலது கைக்கே மீட்டுக் கொடுப்பது என்ற சபதம் மாதாமாதம் 20-ஆம் தேதி வந்து இடித்தது. அன்று ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல். எண்களை அடிக்கும் விசைகள் கீபோர்டில் வலது பக்கம் இருக்கின்றன; வலது கையால் அடித்த டேலி மென்பொருள் கணக்கில் ஒரு மஞ்சள் மண்டிக்கு மாதம் ஒன்பது கோடி வியாபாரம் வந்துவிட்டது. எண்பலகையைத் தனியாக வாங்கி இடது பக்கம் வைத்துக்கொண்டேன். மேடத்திடம் மறைத்து, பிறகு மாட்டிக்கொண்டேன். பழைய வழியிலேயே அசைவு திரும்புவது ஒன்று, வேறு வழியில் வேலையை முடிப்பது ஒன்று. இரண்டாவது முதலாவதைத் தின்றுவிடும் என்பது அவர் கவலை. நியாயம்தான். ஆனால் இளவயதில் வாதம் வந்தவனுக்கு வீட்டுக்கடன் இருக்கிறது, பள்ளிக் கட்டணம் இருக்கிறது. சம்பாதிக்க இடது கை, சாப்பிட வலது கை என்று ஒரு பாகப்பிரிவினை செய்துகொண்டோம். இதில் நான் தோற்றதாக நினைக்கவில்லை. இந்தக் கட்டுரையில் அப்படி ஒரே ஓர் இடம் இருந்துவிட்டுப் போகட்டும்.

கையெழுத்து போனது போனதுதான். வங்கியில் நான் போட்டதையும் அவர்களிடம் இருந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இவர் வரலீங்களா?" என்று என்னிடமே கேட்டார்கள். கடைசியில் கைநாட்டு. ஆண்களுக்கு இடது கட்டைவிரல்தான் வழக்கம் என்று மைப்பெட்டியை நீட்டினார்கள். அந்த மரபை உண்டாக்கியவருக்கு நன்றி. வரித்துறைக்கு டிஜிட்டல் கையொப்பம் போதும் என்பதால், அரசாங்கத்தைப் பொறுத்தவரை என் கையெழுத்து ஒரு கோடுகூடப் பிசகவில்லை.

அரசாங்கம் என்றதும் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் ஞாபகம் வருகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன்படி, சலுகைகளில் பெரும்பாலானவை 40 சதவீதக் குறைபாட்டில் தொடங்குகின்றன. அதோடு வருமான வரியில் பழைய முறைப்படி, 40 சதவீதம் இருந்தால் 75,000 ரூபாய் கழிவு. எத்தனையோ பேருக்கு நானே எழுதிக் கொடுத்த கழிவு. சான்றிதழ் முகாமுக்குப் போகும் வழியெல்லாம் மனைவி ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாள்: "எப்பவும் இருக்கற மாதிரி இருங்க. அது போதும்."

மருத்துவர் சிரித்த முகமாக இருந்தார். அவருக்கு என் வயதுதான் இருக்கும். "சின்ன வயசா இருக்கீங்களே" என்றார். அவ்வளவுதான். கைத்தடியை மனைவியிடம் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நடந்தேன். கையைத் தூக்கச் சொன்னார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் ஒருநாளும் போகாத உயரத்துக்குத் தூக்கினேன். பேனாவைக் கொடுத்தார், பிடித்தேன். விடச் சொன்னார், விட்டேன். அத்தனை மாதத்தில் கேட்டவுடனே என் விரல்கள் திறந்தது அன்றைக்குத்தான். "வெரி குட்" என்று சொல்லிக்கொண்டே அவர் எழுதிய எண் நாற்பதைத் தொடவில்லை. வெளியே வந்து 'வெரி குட்'டை மனைவியிடம் சொன்னேன். அவள் பஸ் வரும் வரை பேசவில்லை.

மேல்முறையீட்டுக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. போன வாரம் மனுவை எழுத உட்கார்ந்தேன். 'வலது கையால் பேனா பிடித்து எழுத இயலவில்லை, சட்டைப் பொத்தான் போட இயலவில்லை, திரவ உணவைச் சிந்தாமல் உண்ண இயலவில்லை' என்று, எல்லாம் உண்மை, வரிசையாகத் தட்டச்சு செய்துகொண்டே போனேன். காப்பி கொண்டுவந்த மனைவி என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தாள், பிறகு கீபோர்டைப் பார்த்தாள். வலது ஆட்காட்டி விரல் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிக் குத்திக்கொண்டிருந்தது.

"ஏனுங்க," என்றாள், "இதையாவது இடது கையில அடிக்கப்படாதா?"